பூமயில் சிரித்தால் நீளும் ரோடு

கொக்கனேந்தலுக்கும் டவுனுக்கும் நடுவிலிருந்த ரோடு நீள ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது பஸ் டிரைவரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சோற்று டப்பாக்கள்தான். காலையில் கட்டிக்கொடுத்த சோறு டவுன் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸிலேயே காலியாகிவிட, தாய்மார்கள் பிள்ளைக்கு ரெண்டு டப்பா கட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள், ஏன் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை, பிள்ளை பசிக்கிறது என்றால் சோறு கட்டுவது தாய் வேலை, ரோட்டை அளப்பது சர்க்கார் வேலை. மைல்கற்கள் அதே நம்பரோடு அதே வரிசையில்தான் நின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்தான் ரோடு ஊறிக்கொண்டே போனது. எதனால் இப்படி என்று தெரிந்தவள் ஊரிலேயே ஒருத்திதான், பூமயில் என்று பெயர், அவள் வாயைத் திறக்காமல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அந்த நெருப்பு வந்தது ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரில். முந்தின மாசியில் எல்லைக் கருப்பனுக்குப் பொங்கல் வைத்தபோது, குலசாமி கும்பிட வந்த பட்டணத்து முதலாளி ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். ரெண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், உறுமினால் பக்கத்து வீட்டு அடுக்குப்பானை ஆடும். புது வண்டிக்குக் கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று அவர் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்பி, வேப்பிலை மாலை சாத்தி, கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி ஓட்டிவந்தார். அவர் ஊரில் அதற்கு வண்டிப் பூசை என்று பேர். கொக்கனேந்தலில் அப்படிச் செய்வது ஒன்றே ஒன்றுக்குத்தான், சாமிக்குக் காளை நேர்ந்துவிடுவதற்கு. மூன்றாம் சுற்று முடிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள், பூசாரி சாவியை வாங்கிச் சூலத்தில் மாட்டினார். முதலாளி சிரித்துப் பார்த்தார், கத்திப் பார்த்தார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார், நேர்ந்துவிட்ட உயிரைத் திருப்பிக் கேட்கிற மனுசனை ஊர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது, கடைசியில் அவர் கருப்பனின் வெள்ளை முழியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அது கோயில் காளை. யாருக்கும் சொந்தமில்லை, யார் களத்தில் நின்றாலும் விரட்டக் கூடாது, முன்னே வீட்டுக்கு வீடு முறை வைத்து வைக்கோல் போட்ட மாதிரி இப்போது முறை வைத்து பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார்கள். கோயில் காளையைப் பராமரிப்பது பூமயிலின் புருசன் காத்தமுத்து குடும்பத்துக்கு வழிவழியாக வந்த பாத்தியம். வெள்ளிக்கிழமை தோறும் காளையை டவுன் எல்லை வரைக்கும் நடத்திக் கூட்டிவர வேண்டும், இல்லையென்றால் கருப்பன் அந்த வீட்டுப் பிள்ளைகள் மேல் கை வைத்துவிடுவான் என்று நம்பிக்கை. காத்தமுத்துக்கு மாட்டுவண்டியைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. பூமயில் கல்யாணத்துக்கு முன்பே அண்ணனோடு டிராக்டர் ஓட்டியவள். அப்படித்தான் சாவி அவள் கைக்கு வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அவள் கருப்பனைக் கும்பிட்டுக்கொண்டே நடுங்கி நடுங்கித்தான் வண்டியை எடுத்தாள். எலெக்சனுக்காகப் புதுசாகப் போட்ட தார், கொலுசு கழற்றிய கால் போலச் சத்தமில்லாமல் கிடந்தது. முதல் கல் தாண்டும்போது பயம் இருந்தது, ரெண்டாம் கல்லில் வண்டியின் உறுமல் இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறியது, கண்மாய்த் தண்ணீர் நிரம்பி வழிந்தோடுகிற கலுங்குப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வயிறு ஒரு நொடி அவளை விட்டுத் தனியே மேலே போய்விட்டு வந்தது, கரை வளைவில் காலைத் தளர்த்தி நடு வளைவில் அமுக்கினால் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பும் என்று யாரும் சொல்லித்தராமலே கால் கற்றுக்கொண்டது, சூரியகாந்திக் காடு முழுக்க மஞ்சளாய்ப் பக்கத்திலேயே ஓடிவந்தது, கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் அடித்தது, மூன்றாம் கியரிலிருந்து நாலுக்குத் தள்ளும்போது கைக்குள் ஒரு இதம் வந்தது, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி தனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாமல் இருந்தவள் இதுதான் என்று தெரிந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த அந்த நொடியில், புரோட்டா மாஸ்டர் மாவை இழுத்து வீசுகிற மாதிரி, முன்னால் இருந்த ரோடு இழுபட்டு நீண்டது. நாலாம் கல்லுக்கும் ஐந்தாம் கல்லுக்கும் நடுவில், அதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், ரெண்டு பனையும் ஒரு தரிசும் புதுசாக வந்து நின்றன.

பூமயில் டவுன் எல்லையைத் தொட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள். திரும்பும்போது மாட்டுவண்டி வேகத்தில் வந்தாள். இனிமேல் சிரிக்கவே கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கலுங்குப் பள்ளத்தில் அந்தச் சத்தியம் போன இடம் தெரியவில்லை.

அவள் சிரிக்கச் சிரிக்க ரோடு நீளுவதை ஆட்டுக்காரன் ஒச்சப்பன் கண்ணால் பார்த்துவிட்டு டீக்கடையில் சொன்னபோது, "அதான பாத்தேன், என்னடா தூரம் கூடிக்கிட்டே போகுதுன்னு" என்று சொல்லிவிட்டு ஊர் டீயைக் குடித்து முடித்தது. அதற்குள் ரோடு ரெண்டு மடங்காகியிருந்தது. புதுசாக முளைத்த தரிசுக்குப் பட்டா கிடையாது என்பதால் முந்திக்கொண்டவர்கள் கடலை விதைத்தார்கள், கடலை நன்றாகத்தான் விளைந்தது, பனைக்கு ஒரு டீக்கடை என்று வரிசையாகக் கடைகள் வந்தன, பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார், வட்டிக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அதில் ஊருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எஞ்சினியர் ஒருத்தர் டேப்போடு வந்து அளந்து பாதியில் வெயில் தாங்காமல் பழைய அளவே சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர மறுத்தார்கள், பாம்பு கடித்த ஒரு கிழவர் பஸ்ஸிலேயே செத்துப்போனார். அன்றைக்குத்தான் ஊர் கூடியது.

ஊரில் தலைக்கட்டு வரிக் கணக்குப் பார்க்கிற சாத்தையா, குரலை உயர்த்தத் தெரியாத மனுசர், பூமயிலைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"கோயில் காளையக் கட்டிப்போட முடியாது தாயி. வெள்ளிக்கிழம ஓட்டாம இருக்கவும் முடியாது. நீ ஓட்டு. சந்தோசப்படாம ஓட்டு."

"அது எப்படிண்ணே?"

"அது எனக்கென்ன தெரியும். ஊர்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான இருக்கோம்."

சந்தோஷம் வராமல் இருக்க, பக்கத்து இருக்கையில் ஒப்பாரி பாடுகிற அஞ்சலையை உட்காரவைத்தார்கள். அஞ்சலை பாடினால் பிணத்துக்கே கண் கலங்கும் என்று சொல்வார்கள். அவள் முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு, பூமயிலின் செத்துப்போன அப்பாவைப் பெயர் சொல்லி இழுத்து, தங்கமே தாண்டிப்போனீரே என்று முதல் கல்லிலிருந்தே ஆரம்பித்தாள், பூமயிலுக்கும் கண்ணீர் வந்தது, ரோடும் அடங்கிக் கிடந்தது. கலுங்குப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் பாட்டு அறுந்துபோனது. அஞ்சலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "மதினி, இன்னொருக்கா அந்தப் பள்ளத்துல விடேன்" என்றாள். அன்றைக்கு ரெண்டு பேர் சிரிப்புக்கும் சேர்த்து ரோடு நீண்டது.

அதன் பிறகுதான் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பூமயில் பிரேக்கை மிதித்து, குட்டி தப்பித்து, அவள் உடம்பெல்லாம் வேர்த்து, பயத்தில் மூச்சு நின்றபோது, ரோடு தொட்டாற்சுருங்கி மாதிரிச் சுருங்கி ரெண்டு டீக்கடை பெஞ்சுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

ஊர் கெட்ட ஊர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். யாரும் அவளை வெறுக்கவில்லை. வைக்கோலுக்கும் பெட்ரோலுக்கும் முறை வைத்த மாதிரி பூமயிலைப் பயமுறுத்துவதற்கும் வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள், அவ்வளவுதான். ஒருவீடு வண்டி இருக்கையில் செத்த சாரைப்பாம்பைச் சுருட்டி வைத்தது, ஒருவீடு கருவேலம் புதருக்குள்ளிருந்து அரிவாளோடு பாய்ந்தது, ஒருவீடு அவள் ரெண்டாம் கல்லில் இருக்கும்போது மறித்து, "ஒங்கண்ணன் போயிட்டாகளாம்த்தா" என்று சொல்லிவிட, அவள் அலறிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓட்டிப்போனால் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேப்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவளிடம், "ரோடு நல்லாக் குறைஞ்சிருக்கு தாயி" என்று மனசாரச் சொன்னார்கள். காத்தமுத்தின் முறையும் வந்தது. அவன் ரொம்ப நேரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துவிட்டு, "எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி இருக்காப்ல தெரியுது, பூமயிலு" என்றான். அவள் வெள்ளிக்கிழமை முழுதும் அழுதுகொண்டே ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சும்மாதான் சொன்னேன் என்றான்.

"ஏங்க, நீங்களுமா?"

"முறை வந்துச்சு. நான் மட்டும் எப்படிடி இல்லன்னு சொல்ல?"

அவள் இளைத்துப்போனாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டாள், கதவு தட்டினால் திடுக்கிட்டாள், யார் எதைச் சொன்னாலும் அது நிஜமா, முறையா என்று தெரியாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கும் டவுனுக்கும் தூரம் பழைய அளவுக்கு வந்துவிட்டது, பிள்ளைகள் மறுபடி ஒரே டப்பாவோடு போனார்கள், பெண் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். அந்த நிம்மதியில்தான் அவள் மகள் கார்த்தீஸ்வரி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள்.

இனி யாரும் பயமுறுத்தத் தேவையில்லை என்று பூமயில் நினைத்தாள். மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கே போதுமான பயம் இருந்தது. ரோடு குறைச்சலாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கருப்பனிடம் கேட்டாள். ஆனால் மனுச மனம் எதற்கும் பழகிவிடுகிறது, அதுதான் கொடுமை. பாம்பு பழகிவிட்டது, அரிவாள் பழகிவிட்டது, சாவுச் செய்தி பழகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையிலிருந்து பூத முகமூடி போட்டுக்கொண்டு ஒச்சப்பன் ஊளையிட்டபடி குதித்தான், குதித்த இடத்தில் அவன் வேட்டி கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது, பூதம் மட்டும் கோவணத்தோடு ரோட்டுக்கு வந்தது. பூமயில் சிரித்தாள். பல மாதத்துச் சிரிப்பு அத்தனையும் சேர்ந்து வந்தது. நிறுத்த நினைக்க நினைக்க இன்னும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது ரோடு வானத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது, அடுத்த கல் கண்ணுக்கே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கார்த்தீஸ்வரிக்குப் பனிக்குடம் உடைந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள். கொஞ்சம் பொறுத்துப் போட்டார்கள், வந்துகொண்டேதான் இருக்கிறோம், ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றார்கள். கிராமத்து நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலை சரியாகத் திரும்பவில்லை, இங்கே வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை என்று காத்தமுத்துவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஊரில் வேகமாகப் போகிற வண்டி ஒன்றுதான் இருந்தது. ஒரே ஒரு பக்கத்து இருக்கையில் மகளை ஏற்றிச் சேலையால் கட்டி உட்காரவைத்தார்கள், காத்தமுத்து பின்னால் மொபெட்டில் வருவதாகச் சொன்னான். பூமயில் சாவியைத் திருகும்போது சாத்தையா வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பயப்படு தாயி," என்றார். "இன்னைக்காவது நல்லாப் பயப்படு."

அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ரோடு சுருங்கச் சுருங்க முதல் கல்லும் ரெண்டாம் கல்லும் ஓடிவந்து அவளைக் கடந்துபோயின. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், பூமயில், இந்தா வந்துட்டோம் தாயி, இந்தா வந்துட்டோம் என்று சொல்லிக்கொண்டே காலை அமுக்கினாள், வண்டி எழும்பியது. அப்புறம் கலுங்குப் பள்ளம் வந்தது. வயிறு ஒரு நொடி மேலே போய் வந்தது. கரை வளைவில் கால் தானாகத் தளர்ந்து தானாக அமுங்கியது, வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு அவ்வளவு அழகாகத் திரும்பியது, சாய்ந்த வெயிலில் சூரியகாந்திக் காடு தங்கமாய் நின்றது, கை நாலாம் கியருக்குத் தள்ளியது, அந்த இதம் கைக்குள் வந்தது. மேலே அவ்வளவு பயம் இருந்தது, அடியில் இது இருந்தது. ரோடு கேட்டது அடியில் இருந்ததைத்தான். பனைகள் ஒவ்வொன்றாக எழும்பி நிற்கத் தொடங்கின.

"எம்மா," என்றாள் கார்த்தீஸ்வரி. "ரோடு நீளுதும்மா."

"தெரியுது தாயி."

"வேணும்னா செய்யிற?"

"இல்லடி. எங்கருப்பன் சத்தியமா இல்ல. கையும் காலும் எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அவள் உதட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது. அப்பா செத்துக்கிடந்ததை நினைத்தாள், பாம்பை நினைத்தாள், மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது, இப்படி ஒரு தாய் உண்டா என்று தன்னையே சபித்துக்கொண்டாள், அத்தனைக்கும் நடுவில் கால் வண்டியை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகலாம் என்றால் நேரம் இல்லை. வேகமாகப் போனால் தூரம் வளர்கிறது. தன் உடம்பையே பார்த்து ஒரு மனுசி இப்படிப் பயந்திருக்க மாட்டாள், அந்தப் பயமும் மேலேதான் மிதந்தது.

கார்த்தீஸ்வரி அடுத்த வலி வந்து போகும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே வயிற்றின் மேல் ரெண்டு கையையும் வைத்தாள்.

"எம்மா. பிள்ள அசையலம்மா."

"என்னடி சொல்ற?"

"இவ்வளவு நேரம் ஒதைச்சிச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி இருக்கும்மா."

பூமயில் மகளின் முகத்தைப் பார்த்தாள். நிஜமா, முறையா என்று பார்க்கிற அந்தப் பழக்கம்கூட அவளுக்கு அப்போது மறந்துவிட்டது. ஒரு குளிர் அவள் அடிவயிற்றில், கார்த்தீஸ்வரியை அவள் சுமந்திருந்த அதே இடத்தில் இறங்கி, கால் கட்டைவிரல் வரைக்கும் போய், அங்கிருந்த ருசியை வேரோடு பிடுங்கி எறிந்தது. ரோடு சுருண்டது. பாயைச் சுருட்டுகிற மாதிரி முன்னாலிருந்து சுருண்டு வந்தது. பனைகள் தரைக்குள் இறங்கின, டீக்கடைகளின் பால் வாசனை எல்லாம் ஒரே மூச்சில் வந்து போனது, கற்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன, சூரியகாந்திக் காடு ஒரு பூவாகி அதுவும் இல்லாமல் போனது, அவள் பிரேக்கை மிதித்தபோது ஆஸ்பத்திரி கேட் வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்றது. எதிரே தள்ளுவண்டியோடு ஓடிவந்த சிப்பந்தி, எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அவள் மகளைக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்தாள்.

பெண் குழந்தை. எடுத்த எடுப்பில் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. மொபெட்டை உதைத்துக் கிளப்பிய காத்தமுத்து தெருமுனை திரும்புவதற்குள் எதிரே ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, வண்டியை அணைத்து, உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

கொக்கனேந்தலுக்கு அது போல ஒரு நல்ல காலம் முன்னே வந்ததில்லை. கடைசித் தெருவைத் தாண்டினால் டவுன். பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே நடந்து வந்தார்கள், நெஞ்சுவலி என்றால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், புரோட்டாவைச் சூடு ஆறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடலை போட்டவர்கள் மட்டும் நிலம் எங்கே என்று ரெண்டு நாள் தேடினார்கள். ஒச்சப்பன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு வந்தது. முதல் கல்லும் கடைசிக் கல்லும் உள்ளங்கை நுழையாத நெருக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. சாத்தையா வண்டிக்கு மாலை போட்டு, பூமயிலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, "ஓம் பயத்துக்கு ஊரு கடன்பட்டிருக்கு தாயி" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வண்டியை எடுத்தாள். உறுமி ஒரு வண்டி நீளம் நகர்ந்ததும் டவுன் எல்லை வந்துவிட்டது. அணைத்துவிட்டு இறங்கினாள்.

அவள் சிரித்துக்கூடப் பார்த்தாள், யாரும் இல்லாதபோது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. தார் கொஞ்சமும் அசையவில்லை. உள்ளே இறங்கிய குளிர் இறங்கினபடியே இருந்தது. பேத்தி பால் குடித்துத் தூங்கும்போதெல்லாம் போய் அதன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள், அசைகிறதா அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், அசைந்தாலும் நம்பவில்லை. கார்த்தீஸ்வரி இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் சும்மா இருப்பாள். பூமயில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, வெந்நீர் எடுத்து ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எம்மா. அன்னைக்கு அது அசைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

பூமயில் பிள்ளையின் கழுத்து மடிப்பில் விரலை விட்டுத் தேய்த்தாள்.

"நல்லா ஒதைச்சிச்சும்மா. நாந்தான் அப்படிச் சொன்னேன். வேற வழி தெரியல."

"வேற வழி இல்லதான்," என்றாள் பூமயில்.

"கோவமாம்மா?"

"ஒம்மேல என்னடி கோவம். பிள்ள பொழைச்சிச்சு, நீ பொழைச்ச."

அவள் பிள்ளையைத் துவட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே, முன்பு கண்மாய்க் கரையும் கலுங்கும் தெரிகிற திசையில், டவுன் ஜவுளிக்கடையின் முதுகுச் சுவர் எழும்பி நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங்கொஞ்சம் சின்னப் பொய்யாச் சொல்லியிருக்கலாம், தாயி," என்றாள்.